பழைய உஹர் ஒன்றை வாங்கி ஓடவைத்தபோது

கையில் தூக்கிச் செல்லும் பழைய டேப் ரெக்கார்டர் என்றாலே எல்லோரும் நாக்ராவைத்தான் முதலில் தேடுகிறார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் தொடங்கிவைத்த வரிசை அது. பல ஆண்டுகள் திரைப்பட ஒலிப்பதிவாளர்களின் முதல் தேர்வாக இருந்தது. ஆனால் ஒரு நாக்ரா III 12 பெரிய டி பேட்டரிகளைக் கேட்கும். விலையும் பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கும். என்னிடம் இருந்தவை ஐந்து அங்குல ஸ்பூல்களில் சுற்றிய பேச்சுப் பதிவுகள். அவற்றைக் கேட்க உஹர் நிறுவனத்தின் 4000 ரிப்போர்ட் டேப் ரெக்கார்டர் போதும் என்று முடிவு செய்தேன். மியூனிக்கில் உருவான இந்தக் கருவியை ஐரோப்பிய வானொலிச் செய்தியாளர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த காலம் ஒன்று உண்டு. இதற்கு 5 பேட்டரிகள் போதும். நொடிக்கு 19, 9.5, 4.7, 2.4 செ.மீ. என நான்கு வேகங்கள்.

உஹர் என்று முடிவு செய்தாலும் எந்த உஹர் என்பது அடுத்த கேள்வி. 4000 ஒற்றை ஒலி. 4200 இரண்டு தட ஸ்டீரியோ (தடம் என்பது நாடாவின் அகலத்தில் ஒரு பதிவு பிடிக்கும் பட்டை). 4400 நான்கு தட ஸ்டீரியோ. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிகள். நான்கு தடங்களில் பதிந்த நாடாவை இரண்டு தட ஹெட்டில் (நாடாவை உரசி ஒலியைப் படிக்கும் பகுதி) ஓட்டினால் மறுபக்கத்துப் பேச்சு தலைகீழாகக் கூடவே முணுமுணுக்கும். எனவே கருவியைத் தேடும் முன் பெட்டியில் கிடக்கும் நாடாக்களைத்தான் பார்க்க வேண்டும். என்னுடையவற்றில் பெரும்பாலானவை ஒற்றை ஒலி, அரைத் தடம், அதாவது ஒரு பக்கத்துப் பதிவுக்கு நாடாவின் பாதி அகலம். 4000 என்று உறுதியானது.

விற்பவர்களின் விளம்பரங்களைப் படிப்பது தனிக் கலை. ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால், ‘சோதித்தேன், ஓடவில்லை’ என்று படித்துக்கொள்வது என் வழக்கம். ஒருவர் தோலுறையை மெருகேற்றி, உலோக மூடியைப் பளபளக்கத் துடைத்து, எல்லாக் கோணங்களிலும் படம் பிடித்திருந்தார். “ஹெட்டை நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் சார்” என்று கேட்டதும் பதில் நின்றுபோனது. இன்னொருவரின் கருவியில் தூசி படிந்திருந்தது, ஒரு மூலை நசுங்கியும் இருந்தது. ஆனால் கேட்டதையெல்லாம் அனுப்பினார்: ஹெட்டின் முகம், பேட்டரி அறையின் உட்புறம், ஸ்பூல் சுழலும் காணொளி. அதைத்தான் வாங்கினேன்.

பெல்ட், ரப்பர் உருளை, கெபாசிட்டர் எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கிறது. தேய்ந்துபோன ஹெட்டுக்கு நல்ல மாற்று கிடைப்பது அரிது. நாடா உரசும் இடத்தில் ஹெட் தட்டையாகி, ஓரங்களில் படி விழுந்திருக்கும். நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்தினால் அந்தப் படி தட்டுப்படும். என் கருவியில் லேசான தேய்மானம் மட்டுமே இருந்தது. பேட்டரி அறையில் ஒரு தொடுமுனை பச்சை பூத்திருந்தது. கசிந்தது ஆல்கலைன் பேட்டரி என்பதால் சில துளி வினிகரால் துடைத்து, பிறகு ஈரத்துணியாலும் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்தேன்.

அடித்தட்டைக் கழற்றியபோது, பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கருந்தார் போன்ற பிசுபிசுப்புதான் இருந்தது. இந்த வேலையில் அவசரம் கூடாது. தொட்ட விரல் அடுத்துத் தொடும் இடத்தையெல்லாம் கறையாக்கும். கப்பியின் பள்ளத்தில் துளி எச்சம் தங்கினாலும் புதிய பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துள்ளும். அது ஒலியில் நடுக்கமாகக் கேட்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சிகளைக் குவியலாகச் செலவழித்துத் துடைத்தேன். நாடாவை இழுத்துச் செல்லும் சுழல் தண்டான கேப்ஸ்டனோடு நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி போல் இறுகியிருந்தால் நாடா வழுக்கும். இளகியிருந்தால் நாடாவையே தன்மேல் சுற்றிக்கொள்ளும். சில நாக்ராக்களில் இந்த உருளை முழுவதும் கூழாகிவிடுவது பெயர்பெற்ற நோய்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. தாங்கிக்கு (பேரிங்) ஒரு சொட்டு, அவ்வளவுதான். அதிகமானால் அது ரப்பரைத் தேடிப் போய்விடும். கெபாசிட்டர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கியில் இணைத்து, சூடேறுகிறதா, இரைகிறதா என்று பார்த்தேன். இரைச்சல் தந்தவற்றை மட்டும் மாற்றினேன்.

அடுத்து வேகம். 3150 ஹெர்ட்ஸ் தொனி பதிந்த சோதனை நாடாவை ஓட்டி, வெளிவரும் அதிர்வெண்ணை அளந்தேன். 3087 என்று காட்டினால் 2 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். மோட்டாரின் வேகச் சீரமைப்பைத் திருப்பிச் சரிசெய்தேன். அதன் பிறகும் சில நாடாக்கள் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலவே கேட்டன. அது கருவியின் குறையல்ல; அந்த நாடாக்களைப் பதிந்த கருவியின் ஹெட் சற்றே சாய்ந்திருந்திருக்கிறது. ஹெட்டின் சாய்வுத் திருகில் வண்ணத்தால் ஓர் அடையாளம் இட்டுவிட்டு, மயிரிழை அளவு திருப்பினேன். ‘ச’வும் ‘ஸ’வும் பளிச்சென்று பிரிந்து கேட்ட இடத்தில் நிறுத்தினேன். படியெடுத்து முடிந்ததும் திருகு அடையாளத்துக்குத் திரும்பியது. அந்த அடையாளம் இல்லாமல் திருகைத் தொடவே கூடாது.

ஹெட்டில் தங்கிவிடும் காந்தத்தையும் அவ்வப்போது நீக்க வேண்டும். அதற்கான காந்தநீக்கியை டேப் ரெக்கார்டரிலிருந்து தள்ளி வைத்து இயக்கி, மெதுவாக ஹெட் அருகே கொண்டுவந்து, அதே நிதானத்தோடு விலக்கி, ஒரு கைநீளத்துக்கு அப்பால் வந்த பிறகே அணைக்க வேண்டும். அப்போது டேப் ரெக்கார்டர் அணைந்திருக்க வேண்டும். அருகில் பதிவு செய்த நாடா எதுவும் இருக்கக்கூடாது.

நாடாக்களுக்கும் தனி வைத்தியம் உண்டு. 1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும். ஓட்டினால் ஹெட்டில் பழுப்பாக அப்பி, கிறீச்சிடும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் தற்காலிகமாக இறுகும். அந்த இடைவெளியில் படியெடுத்துவிடலாம். ஆனால் பாலியெஸ்டருக்குப் பதில் அசிடேட்டை அடிப்படலமாகக் கொண்ட நாடாவுக்கு இந்தச் சூடு ஆகாது. ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அசிடேட் ஊடுருவித் தெரியும், பாலியெஸ்டர் தெரியாது. வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை முதல் வேலையாகப் படியெடுக்க வேண்டும்.

இப்போது மாதம் ஒருமுறையாவது கருவியை ஓடவிடுகிறேன். வேலை முடிந்ததும் பேட்டரிகள் வெளியே வந்துவிடும். புதிய பதிவுக்கு 35 மைக்ரான் நாடாவைத்தான் போடுகிறேன். ஐந்து அங்குல ஸ்பூலில் 270 மீட்டர் அடங்கும், 9.5 செ.மீ. வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 47 நிமிடம். அதைவிட மெல்லிய நாடாவில் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அது சுருண்டு சிக்கிக்கொண்டால் பிரித்தெடுக்க எனக்குப் பொறுமை போதாது.