அனுமானத்துக்கு முன் வரவேண்டிய திகதி

கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணியாகத் தொழில் பார்க்கும் எனக்கு இந்திய நீதிமன்றத்தில் வழக்காட உரிமையில்லை. ஆனாலும் மகளைத் தமிழ்நாட்டில் கட்டிக்கொடுத்துப் பறிகொடுத்த வெள்ளவத்தைத் தாய் ஒருவர், சென்னை வழக்கறிஞருக்கு அனுப்பும் விவரங்களை ஒழுங்காக எழுதித் தரச்சொல்லி வந்தார். வந்ததும் கேட்டார்: "ஏழு வருசத்துக்குள்ள செத்தா புருசன்தான் குற்றவாளியெண்டு அங்க சட்டம் இருக்காம். உண்மையோ பிள்ளை?"

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். வரதட்சணைச் சாவு பற்றி 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 304பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவு. திருமணமாகி 7 ஆண்டுக்குள் நேர்ந்த இயல்பற்ற சாவு என்பது அதில் ஒரு படிதான். சாவுக்குச் சற்று முன்னர் வரதட்சணை கேட்டுக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்தினார்கள் என்று வழக்குத்தொடுநர் காட்டவேண்டும். காட்டிவிட்டால், அந்தச் சாவுக்குக் காரணம் அவர்களே என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆகவேண்டும். மறுக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில் விழும். தண்டனை குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். அந்தச் 'சற்று முன்னர்' எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. கொடுமைக்கும் சாவுக்கும் இடையே அறுபடாத தொடர்பு இருக்கவேண்டும் என்று 2021இல் சத்பீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதனால் திகதிகளைத்தான் தேடினேன். கல்யாணத்தில் போட்ட நகைக் கணக்கைத் தாய் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது அவருடைய வட்ஸ்அப்பில் மகளின் குரல் பதிவாகக் கிடந்தது: "அம்மா, பிளாட்டுக்குக் காசு காணாதாம். அப்பாட்டக் கேள் எண்டு மாமி ரெண்டு நாளாச் சாப்பிட விடேல்லை." கேட்டது யார், எதற்காக, என்ன செய்தார், எல்லாம் அந்தக் குரலில் திகதியோடு இருந்தன. போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம் என்றேன்.

வேறு ஊரில் இருக்கும் மகளின் நாத்தனாரையும் அவர் கணவரையும் குற்றஞ்சாட்டப்படுவோரில் சேர்க்கச் சொன்னார் தாய். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் என்ன செய்தார் என்று சொல்லமுடியாத ஒருவரைச் சேர்த்தால், அதைப் பிடித்தே எதிர்த்தரப்பு முழு வாக்குமூலத்தையும் உடைக்கும். சேர்க்கவில்லை.

இலங்கையில் வரதட்சணைச் சாவு என்று தனிக் குற்றமே இல்லை. கொலையென்றோ 299ஆம் பிரிவின்படி தற்கொலைக்கு உடந்தையென்றோ நிரூபிக்கவேண்டும். அந்த அனுமானம் இங்கே துணைக்கு வராது. பிள்ளை உயிரோடு இருக்கும்போது உதவக்கூடியது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். காயம் இருந்தால்தான் என்றில்லை, உளவதைக்கும் நீதவானிடம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம்.