இஇஜி தரவில் வேவ்லெட்: மியூ அலையைத் தேடிப் போனது

இஇஜி என்பது மண்டைத்தோலில் மின்முனை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது. அதற்கான மின்முனைத் தொப்பியெல்லாம் என்னிடம் கிடையாது. உடலியல் தரவுகளைப் பகிரும் ஃபிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கை அசைவுத் தரவைத்தான் எடுத்தேன்: 109 பேர், 64 மின்முனைகள், நொடிக்கு 160 மாதிரிகள். திரையில் எந்தப் பக்கம் குறி தோன்றுகிறதோ அந்தக் கையை மூடித் திறக்க வேண்டும், சில சுற்றுகளில் அப்படிச் செய்வதாக மனதில் நினைத்தால் போதும். பைத்தானில் எம்என்இ என்ற இஇஜி நிரல்தொகுப்பு இருந்தால் தரவை இறக்குவதிலிருந்து படம் போடுவதுவரை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் பின்மண்டை மின்முனை. கண்ணை மூடிய சுற்றில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஆல்ஃபா அலை மேடாக எழும்பி, திறந்த சுற்றில் அடங்க வேண்டும். மனித இஇஜியை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் 1929-லேயே எழுதிய விஷயம்தான், இது தெரியாவிட்டால் மேலே போவதில் அர்த்தமில்லை.

அப்புறம் வலது கைக்கான சி3, இடப்பக்க மண்டையில் உள்ள மின்முனை. கை ஓய்வில் இருக்கையில் அங்கே தெரியும் மியூ அலை, கையை அசைத்ததும் குறைகிறது என்பதை எந்த அலைவெண்ணில் எவ்வளவு சக்தி என்று காட்டும் சாதாரண ஸ்பெக்ட்ரமே காட்டிவிடும், எப்போது குறைகிறது என்பதுதான் கேள்வி. தரவைச் சிறு நேரத் துண்டுகளாக (சாளரங்களாக) வெட்டி ஒவ்வொன்றிலும் அலைவெண் பார்க்கும் குறுநேர ஃபூரியேவில் அரை நொடிச் சாளரம் வைத்தால் 2 ஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டம், 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூவுக்கு மொத்தமே மூன்று கட்டம்தான் விழுகிறது. சாளரத்தை 2 நொடியாக்கினால் அலைவெண் நன்றாகப் பிரிகிறது, ஆனால் அசைவு தொடங்கிய இடம் கரைந்துபோகிறது.

சரி, மணி வடிவில் எழுந்து அடங்கும் குட்டி அலையைத் தரவோடு ஒப்பிடும் மோர்லெட் வேவ்லெட்டுக்குப் போனால் தப்பிக்கலாமா என்றால், அங்கே அதே பேரம், குட்டி அலைக்குள் எத்தனை சுழற்சி என்ற எண்ணிக்கையின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. 10 ஹெர்ட்ஸில் 7 சுழற்சி வைத்தால் அகலம் (திட்டவிலக்கம்) காலத்தில் சுமார் 0.11 நொடி, அலைவெண்ணில் 1.4 ஹெர்ட்ஸ், 3 சுழற்சி என்றால் 0.05 நொடி, 3.3 ஹெர்ட்ஸ். பலரும் அலைவெண்ணில் பாதியைச் சுழற்சியாகக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லா அலைவெண்ணுக்கும் ஒரே கால அகலம் வருகிறது, அது மணி வடிவ காஸ் சாளரம் போட்ட ஃபூரியேவேதான், பெயர் மட்டும் வேவ்லெட்! எந்த முறை சிறந்தது என்ற சண்டையில் பாதி இதனாலேயே வீண் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தை உண்மையில் மாற்றியது பேஸ்லைன், அதாவது ஒப்பிட எடுக்கும் அடிநிலை. தாழ்ந்த அலைவெண்களில் சக்தி இயல்பாகவே அதிகம், அப்படியே வரைந்தால் கீழ்ப்பகுதி முழுக்கச் சிவப்பு, வேறொன்றும் தெரியாது. குறி தோன்றுவதற்கு முந்தைய ஓய்வுநேரச் சக்தியால் வகுத்து டெசிபெலில் போட்டதும் 10 ஹெர்ட்ஸ் பக்கம் சக்தி குறைவதைக் காட்டும் நீலப் பட்டை வந்தது, 20 பக்கமும் ஒன்று. அந்தப் பேஸ்லைனைக் குறி தோன்றும் கணம்வரை நீட்டக் கூடாது, வேவ்லெட்டின் அகலம் பின்னால் நடப்பதையும் உள்ளே இழுத்துவிடும். இரு முனைகளிலும் கூடுதலாக வெட்டி எடுத்துக் கணக்குப் போட்டபின் நறுக்கிவிட்டால் ஓரக் கோளாறும் போகும்.

நினைத்துப் பார்க்கும் சுற்றுகளில் பட்டை மங்கல்தான், சிலரிடம் தேடினாலும் இல்லை. அடுத்து இரண்டு பாதங்களையும் அசைக்கும் சுற்று, நடு உச்சியில் உள்ள சிஇஸட் மின்முனையில்.