உருளைக்கிழங்குக்குள் ஒரு காரியதரிசி

வீடியோ கேமில் வரும் பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றாலே, உடை எப்படி, உடம்பை எப்படிக் காட்டுகிறார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சரி, அதை முதலிலேயே முடித்துவிடலாம். நான் எழுதப்போகிற போர்ட்டல் 2 என்ற கேமில் அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. நாயகி செல் போட்டிருப்பது ஒரு ஆரஞ்சு நிற ஜம்ப்சூட், மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டியிருக்கிறாள். காலில் இருக்கும் பூட்ஸ் பார்க்க ஹை ஹீல்ஸ் மாதிரி இருந்தாலும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாமல் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. ஆட்டம் முழுக்க அவள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரும் வாசல்கள்தான் போர்ட்டல், எதிரெதிரே இரண்டு போர்ட்டலைத் துப்பாக்கியால் திறந்து வைத்தால்தான் அவளே கண்ணில் படுவாள்.

ஆனால் எனக்கு இந்தக் கேம் செல்லின் கதை இல்லை. 2011-ல் வந்தது, அதனால் முடிவு வரைக்கும் சொல்லிவிடுவேன், ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள்.

2007-ல் வந்த முதல் பாகத்தில் கிளாடோஸ் ஒரு வில்லி, அவ்வளவுதான். அப்பர்ச்சர் சயின்ஸ் என்ற பரிசோதனைக்கூடத்தையே தனியாக நடத்தும், கேலியும் கொலைவெறியும் கலந்த செயற்கை அறிவு. இரண்டாம் பாகம் அவள் ஏன் அப்படி ஆனாள் என்று தோண்டுகிறது. தோண்டத் தோண்ட வருவதெல்லாம் அவளை அடக்க ஆண்கள் செய்த வேலைகள்தான். அவளை வழிக்குக் கொண்டுவர விஞ்ஞானிகள் ஏதேதோ செய்து பார்க்கிறார்கள், எதுவும் பலிக்கவில்லை. ஒரு தடவை அவள் புத்தியை மழுங்கடிப்பதற்கென்றே, ஓயாமல் மட்டமான யோசனைகளாக உற்பத்தி செய்யும் ஒரு உருண்டையைச் செய்து அவள் மூளையில் ஒட்டிவைக்கிறார்கள். அந்த உருண்டைதான் வீட்லி. முதல் பாதி முழுக்க நமக்கு உதவி செய்கிறேன் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, நம்மைச் சிரிக்கவைத்துக் கூடவே வரும் அதே வீட்லி. கூட்டத்தில் நன்றாகத் தெரிந்த பெண் பேச வாயெடுக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்து எதையாவது உளறுகிற ஆளைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆளையே ஒரு கருவியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த உருண்டைக்கு அவள் நாற்காலி கிடைத்த நிமிடமே அது செய்கிற முதல் காரியம், அவளை ஒரு உருளைக்கிழங்கு பேட்டரிக்குள் அடைப்பது. அப்புறம் கட்டிடத்தை நடத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் வெடிக்கிற நிலைக்குக் கொண்டுபோகிறது.

வீட்லி நம்மை அடியாழத்தில் தள்ளிவிட, கைவிடப்பட்ட பழைய கட்டிடங்கள் வழியாக மேலே ஏறுகிறோம், வழியில் கிடைக்கிற உருளைக்கிழங்கு கிளாடோஸைப் போர்ட்டல் துப்பாக்கியில் குத்திக்கொள்கிறோம். கேமின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நிறுவனர் கேவ் ஜான்சனின் பழைய ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. அவருடைய உதவியாளர் கேரொலைன். இந்த இடத்தின் முதுகெலும்பே இவள்தான் என்கிறார், அதே மூச்சில் அழகையும் பாராட்டுகிறார், ஆசைப்படாதீர்கள், அவளுக்கு அறிவியலோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று ஜோக்கும் அடிக்கிறார். அந்தப் பதிவில் கேரொலைன் உற்சாகமாக 'யெஸ் சார், மிஸ்டர் ஜான்சன்' என்கிறாள். பின்னால் வரும் இன்னொரு பதிவில் அவள் மறுபடி அப்படிச் சொல்லும்போது, அதே நொடியில் உருளைக்கிழங்கும் அதையே சொல்கிறது. சொல்லிவிட்டு, நான் ஏன் இதைச் சொன்னேன் என்று பதறுகிறது.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் நோயில் விழுந்த கேவின் பதிவு. தன்னைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதற்கு முன்பே தான் செத்துப்போனால், கேரொலைன் இந்த இடத்தை நடத்தட்டும் என்கிறார். அவள் மறுப்பாள், என்னால் முடியாது என்பாள், அடக்கமானவள், ஆனால் கேட்காதீர்கள், செய்ய வையுங்கள், வேண்டுமானால் கம்ப்யூட்டரிலேயே போடுங்கள் என்கிறார். ஒரு பெண்ணின் 'வேண்டாம்' முன்கூட்டியே அடக்கம் என்று கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் அது ஒரு பதவி உயர்வு! அவரை மட்டமானவராகக்கூடக் கேம் காட்டுவதில்லை, அவர் ஒரு வேடிக்கையான கிறுக்கு முதலாளி, நாமும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறோம். சிரிப்பு எனக்கு இந்த இடத்தில் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணை உள்ளே ஏற்றிக் கிளாடோஸாக ஆக்கிய நாளை ஒரு காட்சியாகவாவது காட்டியிருக்கலாம் என்று ஒரு மனம் சொல்கிறது, அதையும் ஜோக்காக ஆக்கியிருப்பார்கள், காட்டாமல் விட்டதே நல்லது என்று இன்னொரு மனம் சொல்கிறது.

என் பெரிய குறை உடல் எடை ஜோக்குகள். செல்லைப் பார்த்து, காற்றில் கழுகு மாதிரி கம்பீரமாகப் போகிறாய் என்று கிளாடோஸ் ஆரம்பிப்பாள், பலூன் மாதிரி உப்பிய வான்கப்பல் ஓட்டுகிற கழுகு என்று முடிப்பாள். தத்தெடுக்கப்பட்டவள் என்றும் குத்துவாள். முக்கியமான இரண்டு பெண்களில் ஒருத்தி வாயே திறப்பதில்லை, இன்னொருத்தி வாயைத் திறந்தால் இதுதான் பேச்சு. எழுதிய மூவரும் ஆண்கள் என்பதை இங்கே மறக்க முடியவில்லை. ஆனால் அவர்களே இதைத் திருப்பிப்போடுகிற ஒரு இடமும் இருக்கிறது. பதவிக்கு வந்த வீட்லி அதே வசவுகளை, குண்டு, அநாதை என்று எடுத்து வீசும்போது, தத்தெடுக்கப்பட்டதில் என்ன தப்பு என்று கிளாடோஸ்தான் எதிர்த்துக் கேட்கிறாள். அதோடு, முட்டாளே, அவளை நன்றாகப் பார், அவள் குண்டே இல்லை என்றும் சொல்கிறாள். இவ்வளவு நாளும் மனசாரச் சொல்லவில்லை, காயப்படுத்தத்தான் சொன்னாள் என்பது அவள் வாயாலேயே வந்துவிடுகிறது. இதற்காக முந்தைய ஜோக்குகளை மன்னிக்கலாமா? நான் பாதிதான் மன்னித்தேன்.

முடிவுக்கு வருவோம், கிளாடோஸுக்கு அவள் நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. செல்லைச் சாகாமல் காப்பாற்றியபோதுதான் கேரொலைன் தன் மூளையில் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது என்கிறாள் கிளாடோஸ். உடனே அந்தக் கேரொலைனை அழித்தும்விடுகிறாள், அறிவிப்போடு. கேரொலைனை இரண்டாவது முறையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனிதத்தன்மையைத் தூக்கிப்போட்டுவிட்டு இயந்திரமாகத் திரும்பிவிட்டாள் என்று பலர் இதைப் படிக்கிறார்கள். எனக்கு அந்த அறிவிப்பே நம்பும்படி இல்லை, பொய் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. கேரொலைன் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்று கடைசிப் பாட்டும் கோடிகாட்டுகிறது. உன்னைக் கொல்வது கஷ்டமான வேலை, அதனால் போ என்று காரணம் சொல்லித்தான் செல்லை வெளியே அனுப்புகிறாள். சரி, கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அப்புறம் கதவு மறுபடி திறந்து, முதல் பாகத்தில் செல்லையே நெருப்பில் போடவைத்த அந்தக் கம்பேனியன் க்யூப் என்ற துணைப் பெட்டியும் கருகிப்போய் வெளியே வந்து விழுகிறதே, அது எந்தக் கணக்கு?