தாருக்கு ஒரு டிக்கெட்

திருவையாற்றுக்கு மேற்கே எங்கள் பெரியம்மா ஊர். அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வர மூன்று வண்டி மாற வேண்டும்: மினி பஸ், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ. கைவீசிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. பெரியம்மாவோ ஒரு மொந்தன் தாரோடு கிளம்பினார். பேத்திக்கு வளைகாப்பு. கொல்லையில் காய் தொங்கும்போது கடையில் வாழைக்காய் வாங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. முந்தின நாளே வெட்டி, பழைய சேலையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். தூக்கத்தான் நான்.

மினி பஸ்ஸில் தாருக்கு ராஜ மரியாதை. 1997-ல் இந்தத் திட்டம் வந்தபோது, பஸ் போகாத சாலையில் 16 கிலோமீட்டர், போகிற சாலையில் 4 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு பர்மிட் கொடுத்தார்கள். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்து மினி பஸ்ஸுக்கு நேர்வழி என்றாலே ஆகாது. ஒவ்வொரு ஊர்த் தெருவிலும் நுழைந்து, திண்ணையில் இருப்பவர்களிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் வெளியே வரும். அன்றைக்கு ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, "வாத்தியார் வீட்டம்மா வரலியே?" என்று டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னிக்கு லீவு, நீ போ" என்றதும்தான் வண்டி நகர்ந்தது.

பால் கேனையும் உர மூட்டையையும் தள்ளிவிட்டு, இன்ஜின் பக்கத்திலேயே தாருக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் காசு வாங்கினார்கள். தனியார் வண்டி, அங்கே பெண்களுக்கு இலவசம் கிடையாது. தாருக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதுக்கு என்னண்ணே காசு? வளைகாப்புக்கு எங்களையும் கூப்பிடச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர். பெரியம்மா உடனே தேதி, மண்டபம், சாப்பாட்டு நேரம் எல்லாம் சொல்லிவிட்டார். 2025 ஜூன் 16 அன்று புதிய மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்தப் புது வண்டிகளிலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.

திருவையாற்றில் இறங்கியதும் சட்டம் தலைகீழானது. முகத்தில் இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்த டவுன் பஸ் வரும்வரை பெரியம்மா எதிலும் ஏற மாட்டார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்றிலிருந்து வேறு பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது தண்டம் என்பது அவருடைய முடிவு. ஏறியதும் கையை நீட்டி அந்தக் காசில்லாத டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டர் தாரைப் பார்த்தார். "ஆயா, இதுக்கு லக்கேஜ் போடணும்."

"இதென்ன பெரிய கனம்? பத்து கிலோ இருக்கும்."

"பத்தா? முப்பதுக்குக் குறையாது!"

பஸ்ஸில் தராசு ஏது? கண்டக்டர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து டிரைவர் கண்டியூரில் பிரேக் போட்டார். தார் நகரவில்லை. கண்டக்டர்தான் ஒரு பெரியவர் மடியில் போய் உட்கார்ந்தார். முப்பது கிலோ என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பெரியம்மா வழக்கை மாற்றினார். "அஞ்சு வயசு வரைக்கும் புள்ளைக்கு டிக்கெட் இல்லேங்கிறீங்க. இதை வெட்டி ஒரு நாள்தான் தம்பி ஆகுது."

"ஆயா, அது மனுசப் புள்ளைக்கு."

பின் சீட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் குரல் கொடுத்தான்: "அப்ப மகளிர் கணக்குல விடுங்கண்ணே. குலை தள்ளுனது பொம்பளையாத்தானே இருக்கும்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும்தான். ஆனால் சிரித்துக்கொண்டே, "செக்கிங் ஏறுனா அவங்க சிரிக்க மாட்டாங்க ஆயா" என்று லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காவிரியில் ஆரம்பித்த வாக்குவாதம் குடமுருட்டி, வெட்டாறு தாண்டி வெண்ணாற்றுப் பாலத்தில்தான் ஓய்ந்தது. வடவாற்றைக் கடக்கும்போது நிலவரம் இதுதான்: நானும் வாழைத்தாரும் காசு கொடுத்துப் போய்க்கொண்டிருந்தோம், பெரியம்மா சும்மா வந்துகொண்டிருந்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ. அங்கே அரசாணையும் கிடையாது, வளைகாப்பு அழைப்பும் செல்லாது. இடம்தான் கணக்கு. "இது ஒரு ஆள் இடம் பிடிக்கும், ஒரு ஆள் காசு குடுத்துருங்க" என்றார் டிரைவர். பெரியம்மா மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

தாரை சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்தார். சேலையை வேறு இழுத்துச் சரிசெய்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் நர்ஸ் உடையில் இரண்டு பெண்கள் கை காட்டினார்கள். டிரைவர் திரும்பினார்.

"ஆயா, அதைக் கொஞ்சம் கால்கிட்ட வச்சுக்குங்க."

"காசு குடுத்த ஆளைக் கால்கிட்ட உக்கார வைப்பியா நீ?"

"ரெண்டு பேரு நிக்கிறாங்க ஆயா…"

"நிக்கட்டும். இது மெடிக்கல் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கு."

அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் இன்னொரு ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. இரண்டு சவாரி கைநழுவப் போகிறது. டிரைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒன்றும் பேசாமல் பெரியம்மாவிடம் நீட்டினார்.

பெரியம்மா அதை மடித்துச் சுருக்குப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், தாரைத் தூக்கி மடியில வச்சுக்க. பாவம், புள்ளைங்க உக்காரட்டும்."