முக்கூர்த்தியில் மரம் குறைந்தால் நல்லதா, கெட்டதா?

ஒரு சரணாலயம் தன் வாழிடத்தைக் காத்திருக்கிறதா என்று கணக்குப் போட உட்கார்ந்தால், பலரும் முதலில் எடுப்பது உலகளாவிய மர இழப்புத் தரவு. 2000-இலிருந்து, 30 மீட்டர் பிக்சலில் (படத்தின் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டர்), இலவசமாகக் கிடைக்கிறது. எல்லைக்கோட்டை மேலே வைத்து உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்த்தால் ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். நீலகிரியின் மேல்மலையில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அந்தத் தரவுக்கு மரம் என்பது 5 மீட்டரைத் தாண்டிய எந்தத் தாவரமும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் 78.46 சதுர கிலோமீட்டரில் காக்க வேண்டியதோ முதன்மையாகப் புல்வெளி. சோலை எனப்படும் குட்டை மரக் காடு மலை மடிப்புகளில் மட்டும்தான். வரையாடு மேய்வதும் அந்தப் புல்லில். பூங்கா வருமுன் நட்ட சீகை மரம் (வாட்டில் என்னும் அயல் மரம்) விதை பரப்பிப் புல்லுக்குள் ஏறினால் மரப்பரப்பு கூடியதாகத் தெரியும். சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்டாலோ 'இழப்பு' என்று சிவப்பு விழும். இந்திய வன நிலை அறிக்கையின் காட்டுப் பரப்பும் உதவாது: 1 ஹெக்டேர் நிலத்தில் 10 விழுக்காட்டை மரக்கவிகை, அதாவது மரங்களின் தழை, மூடியிருந்தால் போதும், எந்த இனமானாலும் கணக்கில் சேரும். அது வேறு தேவைக்கான எண், அதன்மேல் குற்றமில்லை.

ஆக, வாழிட வரைபடத்தை நாமே தயாரிக்க வேண்டும். இரண்டு பருவமழைகளும் மேகத்தால் மறைத்துவிடுவதால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான செயற்கைக்கோள் படங்கள். அது நல்லதுதான். உறைபனியில் புல் பழுப்பாகிவிடும், சோலையும் சீகையும் தேயிலையும் பச்சையாகவே நிற்கும். புல்வெளி தானாகப் பிரிந்து வந்துவிடும். தேயிலையை வரிசையையும் பாதையையும் வைத்துப் பிடிக்கலாம். சோலையையும் முதிர்ந்த சீகையையும் பிரிப்பதுதான் தலைவலி. அதற்கு நடந்து போய்ப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

களத்தில் எடுக்கும் புள்ளிகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும். கணினிக்குக் கற்பிக்கும் புள்ளிகளை விளிம்பிலிருந்து ஒரு பிக்சலாவது உள்ளே தள்ளி எடுப்பது சரி. சரிபார்க்கும் புள்ளிகளையும் அப்படியே எடுத்தால் குழப்பமான விளிம்பெல்லாம் தேர்விலிருந்து தப்பிவிடும், துல்லியம் பொய்யாக உயரும். சரிபார்ப்புப் புள்ளிகள் குலுக்கலில் விழ வேண்டும், வகைக்கு 50-க்குக் குறையாமல். மொத்தத் துல்லியத்தை மட்டும் நம்பவும் கூடாது: ஆய்வுப் பரப்பில் புல்வெளி 5 விழுக்காடு என்றால், அதை முற்றிலும் கோட்டைவிட்ட வரைபடமும் 95 விழுக்காடு சரி என்று காட்டும்.

எல்லைக் கோப்புகளில் ஒரே நிலம் பல பெயரில் வரும். 5,520 சதுர கிலோமீட்டர் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள்ளேயே முதுமலையும் முக்கூர்த்தியும் இருக்கின்றன; ஒன்றாக்கிய பிறகே பரப்பைக் கூட்ட வேண்டும். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழ்ப்பில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் ஒரு முறை) பரப்பை அளந்தால் நீலகிரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும், காஷ்மீரில் 45. நாட்டின் பூங்காக்கள் எல்லாவற்றையும் ஒப்பிடும்போது வடக்கே உள்ள பூங்காக்கள் சும்மாவே பெரிதாகிவிடும்.

அடுத்தது ஒப்பீடு. பூங்காக்கள் பொதுவாக யாரும் உழ விரும்பாத உயரத்திலும் சரிவிலும் அமைகின்றன. வெளியே உள்ள எல்லா நிலத்தோடும் ஒப்பிட்டால் சரிவு செய்த வேலைக்குப் பூங்கா பெயர் வாங்கும். உயரம், சரிவு, மழை, சாலைத் தொலைவு ஆகியவற்றில் ஒத்த பிக்சல்களை மட்டும் இணைசேர்க்க வேண்டும். எல்லையை ஒட்டிய 5 கிலோமீட்டர் பட்டையைத் தனியே வைப்பது நல்லது. உள்ளிருந்து விரட்டப்பட்ட நெருக்கடி அங்கேதான் வந்து சேரும். முக்கூர்த்திக்கு இணைசேர்க்கும்போது வெளியே மிஞ்சுவது சிறிதே. அதிலும் பெரும்பங்கு காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் அங்கே நெடுங்காலமாக நடப்பில் இருக்கிறது. ஆகவே பாதுகாப்புக்கும் பாதுகாப்பின்மைக்கும் இடையிலான வேறுபாடாக அந்த விடையைப் படிக்கக் கூடாது. இரண்டு வகைப் பாதுகாப்புக்கு இடையிலான வேறுபாடு அது, அறிக்கையில் அப்படியே எழுத வேண்டும்.

தொடக்க ஆண்டாக 1973-ஐ எடுப்பவர்களுக்கு ஒன்று. அக்கால லாண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் நுணுக்கம் சுமார் 80 மீட்டர். ஓடையோரச் சிறு சோலைகள் அதில் தெரியவே தெரியாது. அதை இன்றைய 10 மீட்டர் படத்தோடு வைத்தால் புதுச் சோலைகள் முளைத்ததுபோல் இருக்கும். புதிய படத்தை 80 மீட்டருக்கு மங்கலாக்கிவிட்டே ஒப்பிட வேண்டும். சிறு சோலைகள் இரண்டிலும் மறையும், அவற்றுக்கான கணக்கை 2015-க்குப் பிந்தைய படங்களில் தனியாகத் தொடங்க வேண்டும்.