சோதனையில் தேறிய நஞ்சு

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்த காலத்தில், செவிலியர் ஹெபாரினை ஊசியில் ஏற்றி இயந்திரத்தின் குழாயில் செலுத்துவதை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். குழாய்களில் ஓடும் இரத்தம் உறையாமல் காக்கும் அந்த மருந்து பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை, அமெரிக்காவில் வெளிப்பட்ட கலப்படத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான் அறிந்தேன்.

2007 நவம்பரில் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்திலேயே சில பிள்ளைகளுக்கு முகம் வீங்கி, இரத்த அழுத்தம் சரிந்தது. 2008 ஜனவரியில் மற்ற மாநிலங்களிலிருந்தும் இதே அறிகுறிகள் தெரியவந்தபோது, பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெபாரின் குப்பிகளே பொதுக் காரணமாகத் தென்பட்டன. அமெரிக்காவின் ஹெபாரின் தேவையில் ஏறத்தாழப் பாதியை அந்நிறுவனமே வழங்கிவந்தது. 81 இறப்புகள் குறித்த தகவல் ஏப்ரலுக்குள் உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்திருந்தது. ஏற்கெனவே கடும் நோயில் இருந்தவர்கள் பலர் என்பதால், ஒவ்வோர் இறப்புக்கும் மருந்தே காரணம் என்று அறுதியிட முடியவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது அந்த மருந்து சோதனைகளில் தேறியிருந்தது என்பதே. அப்போதைய சோதனை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்றுதான் பார்த்தது. உள்ளே இருக்கும் பொருள் எது என்று பார்க்கவில்லை. விலங்குகளின் குருத்தெலும்பில் கிடைக்கும் மலிவான காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டில் கூடுதலாக சல்ஃபேட் ஏற்றினால், அது ஹெபாரினைப் போலவே அந்தச் சோதனைக்கு விடை சொல்லும். குப்பிகளில் கலந்திருந்த, இயற்கையில் காணப்படாத இந்தப் பொருளைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை போன்ற நுண்முறைகளால்தான் பிரித்தறிய முடிந்தது. அது உடலுக்குள் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தூண்டி, இரத்த நாளங்களைத் தளர்த்தி அழுத்தத்தைச் சரித்தது. சோதனை எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று தெரிந்த யாரோ செய்த வேலை இது என்றே நான் நினைக்கிறேன்.

மூலப்பொருள் சீனாவின் சாங்ஜோ நகர ஆலையிலிருந்து வந்தது. அந்த ஆலைக்குக் குடலைப் பதப்படுத்தித் தந்தவை, பலவும் பதிவுகூட இல்லாத சிறு பட்டறைகள். 2006-இல் பரவிய நீலக்காது நோயால் பன்றிகள் ஏராளமாக மடிந்து, குடலுக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம் அது. ஒப்புதலுக்கு முன் அந்த ஆலையை அமெரிக்க அதிகாரிகள் நேரில் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே சோதித்திருந்த வேறோர் ஆலையின் பெயரோடு அதைக் குழப்பிக்கொண்டார்கள். (ஒரு பெயர்க் குழப்பம் உயிர்வரை வந்து முடிகிறது!)

பின்னர் ஹெபாரினுக்கான சோதனை முறைகள் மாற்றப்பட்டன. கலப்படம் இருந்ததை ஏற்றுக்கொண்ட சீன அதிகாரிகள், நோயாளிகள் பாதிக்கப்பட அதுவே காரணம் என்பதை மட்டும் மறுத்தார்கள். குடல் வாங்கிய பட்டறைக்கும் ஆலைக்கும் இடையில் எந்தக் கட்டத்தில், எவர் கையால் அது கலந்தது என்பது இதுவரை நிறுவப்படவில்லை.