சேவல் சண்டைப் புகார்: எந்த உட்பிரிவில் கொடுப்பது?

எங்கள் ஊர்த் தோப்பு ஒன்றில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து நடத்தப்பட்ட கத்திக்கட்டுச் சேவல் சண்டைக்கு எதிராகப் புகார் கொடுத்தேன். வழக்குப் பதிவாகித் தண்டனையும் கிடைத்துவிட்டது என்றாலும் மனம் ஆறவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிப்பது 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையிலான அபராதம் மட்டுமே; நடத்தியவர் அதைக் கட்டிவிட்டு அன்றே வீடு திரும்பினார்.

அலைச்சல் முழுவதும் புகாரை வாங்கவைப்பதில்தான். "ஜல்லிக்கட்டுக்கே அனுமதி குடுத்தாச்சு, சேவலுக்கு என்ன சார்?" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா உள்ளிட்ட காளை விளையாட்டுகளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது, சேவலுக்கு அதில் இடமில்லை என்று சட்ட நகலைக் காட்டிய பிறகு, "இதை நாங்க நேரடியா எடுக்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்க" என்று பேச்சை மாற்றினார்.

இந்த இடத்தில்தான் பலரும் திரும்பிவிடுகிறார்கள். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 11(1)-இன் 'எம்' உட்பிரிவில் வருகிறது. அதைப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் சண்டைக்கு இடம் கொடுப்பதும், அதை நடத்துவதும், நுழைவுப் பணம் வாங்குவதும் 'என்' உட்பிரிவில் வருவதால், பிரிவு 31-இன்படி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே வழக்குப் பதியலாம். ஆகவே யார் இடம், யார் பணம் வாங்கினார் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்படி எழுதிக் கொடுத்தும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தர வேண்டிய சி.எஸ்.ஆர். ரசீதைத் தரவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(4)-ஐக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பிய பின்னரே அதே நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மீட்கப்பட்ட சேவல் ஒன்றின் தொடை எலும்பு தெரியும்வரை பிளந்திருந்தது. முள்ளைச் சீவிய காலில் கத்தி கட்டிய நூல் அப்போதும் இறுகிக் கிடந்தது. நூலை அவிழ்க்கும் முன் படம் எடுத்து, அரசு கால்நடை மருத்துவரிடம் காயச் சான்றும் வாங்கினேன். விசாரணையில் அதற்கு மறுபேச்சு எழவில்லை.

குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்தால் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கே தொடுக்க முடியாது என்பதால், "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்: அதே நபர் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் சண்டை நடத்தினால், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை கேட்பதற்கு அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.